அவர் இடுப்பில் என் குரல்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை முழுவதும் ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டு "உக்காருங்க, உக்காருங்க" என்று கத்தினேன். எதிரே உட்கார ஒருவரும் இல்லை. சுவரெல்லாம் போர்வைகளைத் தொங்கவிட்டு நடுவில் ஒரு மைக் வைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் பூவரசு மூத்தோர் இல்லத்தில் நடை தள்ளாடுகிற எல்லாருக்கும் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டப்போகிறார்கள். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால் சாய்ந்தாலே அது கண்டுபிடித்துவிடுமாம். உடனே பேசும். அதே நேரம் ஆயாக்களின் போனிலும் மணியடிக்கும். முதலில் அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் பெண் இருந்தாள். "தயவுசெய்து இருக்கையில் அமரவும்" என்று ரயில்வே ஸ்டேஷன் மாதிரி சொன்னாள். எங்கள் கிழங்கள் ஒன்றுகூட மதிக்கவில்லை. அப்போதுதான் மேனேஜர் சிவரஞ்சனிக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. நான் பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். ட்ரங்க் கால் போட்டுவிட்டுக் குதித்த எத்தனையோ பெரிய மனிதர்கள் "லைன்ல இருங்க" என்ற ஹெப்சிபாவின் ஒரு வார்த்தைக்கு அடங்கி இருந்திருக்கிறார்கள்.

"இன்னும் கொஞ்சம் கண்டிப்பா வேணுங்கம்மா. வீட்டுல சார்கிட்ட சொல்ற மாதிரியே சொல்லுங்க" என்றார் இன்ஜினியர்.

அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போன வருஷம் என் வீட்டுக்காரர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு விரிசல் விட்டதிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு இவரைத் தூக்கவும் முடியாமல், விட்டுப் போகவும் மனசில்லாமல் ஈரத்தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்துக்கொண்டே சொன்னேன். "உக்காருங்க. அவசரப்படாதீங்க. ஆள் வருது."

போதும், இதுதான் வேண்டும் என்று இன்ஜினியர் எழுந்து கைகொடுத்தார். இந்த வயசிலும் தொண்டை பிசிறவில்லை.

ஜூன் 9, திங்கள்

பெல்ட் வந்துவிட்டது. அகலமாக, கறுப்பாக, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. இவருக்கு நானே கட்டிவிட்டேன். சோதனை பார்க்க எழச் சொன்னேன். கை ஊன்றி முன்னால் சாய்ந்ததும் இடுப்பிலிருந்து நான் பேசினேன். இவர் திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து இடுப்பைப் பார்த்தார்.

"ஏட்டி, அங்கயும் நீதானா?" என்றார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆயா மரகதம் ஓடிவந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் படுத்தவள் ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். இப்படித் தூங்கி எவ்வளவு காலம் ஆயிற்று.

ஜூன் 21, சனி

பெல்ட் வந்தபின் இல்லத்தில் யாரும் விழவில்லை. சிவரஞ்சனி தினமும் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போகிறாள். போன வருஷம் எங்களோடு சேர்த்து எத்தனை பேருக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதையெல்லாம் பார்த்தவள் அவள், சந்தோஷப்படாமல் என்ன செய்வாள்.

எனக்கும் ஒரு விடுதலை. இவரை அறையில் உட்காரவைத்துவிட்டுத் தைரியமாக வெளியே போக முடிகிறது. சர்ச் பாடகர் குழுவில் மறுபடி சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை தோறும் ஒத்திகைக்கு வேன் வந்து அழைத்துப் போகிறது. முன்னெல்லாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இவரையே பார்த்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு ஹாலில் எல்லாருக்கும் என் பேரில் ஒரு மரியாதை வந்திருக்கிறது. இன்று நான் உள்ளே நுழைந்து "குட் மார்னிங், எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்றேன். எழுந்து நின்று தட்டை எடுக்கப் போன மூன்று நான்கு பேர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

இவர் சாயங்கால நடையை விட்டுவிட்டார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்பக்கக் காம்பவுண்டுச் சுவர் வரை போய், பக்கத்துத் தோட்டத்து மக்காச்சோளத்தைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். வேளாண்மைத் துறையில் வயல் வயலாக அலைந்த மனிதர். உரம் பத்தாது, தண்ணீர் ஜாஸ்தி என்று யாரோ ஒருவருடைய சோளத்துக்கு இங்கிருந்தே குறை சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது கேட்டால் "எந்திரிச்சாத் தொல்லை" என்கிறார். ஆயா வந்து பிடித்துக்கொள்ள வேண்டும், ஆயாவுக்கு ஆயிரம் வேலை. அவள் வரும்வரை என் குரல் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். அதற்கு உட்கார்ந்தே இருக்கலாம் என்று நினைக்கிறார் போல.

"சோளம் கதிர் வாங்கிருக்குமோ?" என்று கேட்டார். நான் போய்ப் போனில் படம் எடுத்து வந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பெரிய செய்தி. முதியோர் பராமரிப்பில் புதிய தொழில்நுட்பத்துக்காக ஒரு சங்கம் வருஷா வருஷம் விருது கொடுக்கிறதாம். எங்கள் இல்லம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. சிவரஞ்சனி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அம்மா, கெடச்சா நீங்கதானுங்க மேடையில பேசோணும். குரலே உங்களுதாச்சுங்களே" என்றாள்.

பெங்களூரிலிருக்கும் மகள் பியூலாவுக்கு உடனே போன் போட்டேன். அவளுக்கு ஏக சந்தோஷம். பிறகு, "அப்பா நடக்கிறாங்களாம்மா?" என்று கேட்டாள். நடக்காமல் என்ன என்றேன்.

ஜூலை 16, புதன்

இன்று ஒரு சின்ன விஷயம். தட்டு வைத்துவிட்டு "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டேன். குளிப்பதற்காகப் பெல்ட்டைக் கழற்றியிருந்த நேரம். இவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தார். என் சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். "வாங்கன்னுதானே சொன்னேன்" என்றேன். "ஆமா, சொன்ன" என்றார். உட்கார்ந்துதான் இருந்தார்.

காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. டாக்டரிடம் சொல்லவேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

இவருடைய பேண்ட் எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. குளிப்பாட்டும்போது தொடையைப் பார்த்தேன். என் கைக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது. எழுபத்தெட்டு வயசில் தொடை எப்படி இருக்கும், இப்படித்தான் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு பியூலா வாங்கிக்கொடுத்த செருப்பு மட்டும் தேயாமல் புத்தம் புதுசாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

பாடகர் குழுவில் எனக்குத் தனிப்பாட்டு கொடுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பத்மாசனிக்குப் பொறாமை வந்துவிட்டது. பக்கத்து அறைக்காரி, ரிட்டயர்டு கணக்கு டீச்சர், ஸ்ரீரங்கத்துக்காரி. இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். இன்று இட்லியைப் பிட்டுக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"ஹெப்சிபா, தப்பா எடுத்துக்காதீங்கோ. சாப்பிடறச்சே நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசினாத் தேவலை."

"ஏன், என் குரலுக்கு என்ன?"

"குரலுக்கு ஒண்ணும் இல்லை. அதைக் கேட்டா எனக்குக் கால் மடங்கிடறது. நாள் பூரா உங்க கிட்டத் திட்டு வாங்கிண்டு இருக்கேனோன்னோ."

"நான் எங்க திட்டினேன்? பெல்ட்டில்லா சொல்லுது" என்றேன்.

"எனக்குத் தெரியறது. என் காலுக்குத் தெரியலை" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தனக்குக் கிடைக்காத மேடையில் இன்னொருத்தி ஏறப்போகிறாள் என்றால் சிலருக்கு இட்லி இறங்காது. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பத்மாசனி வேறு மேஜைக்குப் போய்விட்டாள். போகட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விருதுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஒரு டாக்டரம்மா, இரண்டு ஆண்கள். இல்லமே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஹாலில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இவ்வளவு அமைதியான முதியோர் இல்லத்தைப் பார்த்ததே இல்லை என்று ஒருவர் சொன்னார். சிவரஞ்சனி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

டாக்டரம்மா இவரிடம் வந்து குனிந்து, "பெல்ட் உங்களுக்குப் பிடிச்சிருக்கா ஐயா?" என்று கேட்டார்.

"ரெண்டு பொஞ்சாதி கெட்டுன மாதிரி இருக்கும்மா. ரெண்டும் ஒண்ணையேதான் சொல்லுது" என்றார் இவர்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரித்து முடித்தபின், "தினமும் எவ்வளவு தூரம் நடக்கறீங்க?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். அதற்குள் சிவரஞ்சனி, "ஐயாவுக்கு எல்லாமே நாங்க ரூமுக்கே கொண்டு வந்து குடுத்தர்றோமுங்க மேடம்" என்றாள். டாக்டரம்மா தலையாட்டினார். அப்புறம் காபி வந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

விருது எங்களுக்குத்தான். மெரூன் பட்டுப் புடவையை வெளியே எடுத்து வைத்தேன். இவருக்குப் புதுச் சட்டை. பேண்ட்டை மரகதம் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொடுத்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

விழா கோவையில் ஒரு பெரிய ஹோட்டலில். வேனிலிருந்து ஹால் வரை இவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். ஒரு வசதிக்காகத்தான். உள்ளே முதல் வரிசையில் கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தோம். புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் அதைச் சொன்னேன். "மாப்பிள்ளைக்கு பெல்ட்டப் பாரு" என்றார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றதும் பழைய தைரியம் வந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சைப் பற்றிச் சொன்னேன், போன வருஷத்து ஈரத்தரையைப் பற்றிச் சொன்னேன். "இந்த பெல்ட் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் ஒருதடவைகூட விழவில்லை" என்றேன். ஹால் முழுக்கக் கைதட்டல். எனக்கு உள்ளே பூரித்துப்போயிற்று. அதை மறைக்க மாட்டேன்.

நிகழ்ச்சி நடத்திய பெண் என் பக்கத்தில் வந்து, "சாரையும் மேடைக்குக் கூப்பிடுங்கம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்" என்றாள். நான் மைக்கிலேயே கூப்பிட்டேன். "வாங்க. மேல வாங்க."

இவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"உக்காருங்க. அவசரப்படாதீங்க. ஆள் வருது."

ஹால் அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். இவர் இடுப்பைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாங்க, பரவால்ல, வாங்க" என்றேன்.

மறுபடி சாய்ந்தார். மறுபடி நான் உக்காருங்க என்றேன், அங்கிருந்து. இங்கிருந்து வாங்க என்றேன். இவர் பாதி எழுந்த நிலையில் நின்றார். முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடியது தைத்த பேண்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. அப்படியே நின்றுகொண்டு உரக்கக் கேட்டார்.

"ஏட்டி, எதைக் கேக்க?"

ஹாலே சிரித்தது. பிறகு கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். "பாருங்க, எவ்வளவு அழகா வேலை செய்யுது, நேரடி செயல்விளக்கமே கெடச்சிருச்சு" என்றாள் அந்தப் பெண். சிவரஞ்சனி ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரகதம் ஓடிவந்து இவர் தோளைப் பிடித்தாள். ஆனால் அதற்கு முன்பே இவர் உட்கார்ந்துவிட்டார். மடியில் கையைக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கின பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேடயத்தைச் சங்கத் தலைவரே கீழே இறங்கிவந்து இவர் மடியில் வைத்தார்.

போட்டோவில் நான் சிரிக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இல்லத்தில் கேக் வெட்டினார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சர்ச்சில் பாடப் போகவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சிவரஞ்சனியிடம் போய், பெல்ட்டிலிருந்து என் குரலை எடுத்துவிடச் சொன்னேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏனுங்கம்மா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. ஒருத்தரும் நடக்கல, அதத்தான் சொல்லுதேன்."

"விழலீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "போன வருசம் விழுந்தவங்கள்ல ரெண்டு பேரு ஆஸ்பத்திரியில இருந்து திரும்பியே வரலீங்கம்மா. அவிய வீட்டுக்கு போன் போட்டு நான்தானுங்க சொன்னேன். மறுபடி அப்படி ஒரு போன் என்னால போட முடியாதுங்க."

அவள் சொன்னதில் எதைப் பொய் என்பது. அந்த ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தவள் நானும்தானே.

விருதுக்குப் பிறகு ஈரோடு, சேலம் பக்கமெல்லாம் இல்லங்களில் இந்த பெல்ட்டைக் கேட்கிறார்களாம். அங்கேயும் என் குரல்தான் போகிறது. குரல் இனி கம்பெனியோடது, தன் கையில் இல்லை என்றாள். இவருக்கு மட்டும் வேண்டுமானால் நான் கழற்றிக்கொள்ளலாம். "ஆனா நீங்க பக்கத்துலயே இருந்தாகோணுங்கம்மா. வெளிய போறதெல்லாம் முடியாதுங்க. ஐயா விழுந்தா அப்புறம் எங்கமேல வருத்தப்படக் கூடாது."

போன மாதம் என்றால் ஈரோடு, சேலம் என்று கேட்ட உடனே பியூலாவுக்குப் போன் போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பெல்ட்டைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். பாடகர் குழுவுக்கு வரமுடியாது என்று சொல்லியாயிற்று.

இவருக்கு எதிரே நின்றுகொண்டு, "எந்திரிங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். முன்னால் சாய்ந்துகொண்டிருந்தவர், என் வாய் திறந்ததும் பின்னால் சாய்ந்துவிட்டார். இன்னும் மெதுவாகச் சொன்னேன். கெஞ்சினேன். ஒவ்வொரு தடவையும் அதேதான். இடுப்பில் ஒன்றும் இல்லை, வெறும் சட்டைதான்.

"இப்ப நீ பேசுதியா, அது பேசுதா?" என்றார்.

"நான்தாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேட்டி" என்றார். சலிப்பு இல்லை, குற்றமும் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பத்மாசனி சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும். அதற்கு முன்பே தெரியும், "சாப்பிட வாங்க" என்றபோதே தெரியும். மத்தியானத் தூக்கமும் சனிக்கிழமை வேனும் எனக்கு வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

"என்னட்டி, கோவமா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிடித்தார். எழுந்தார். ஐந்து எண்ணி முடிப்பதற்குள் மறுபடி கட்டிலில் விழுந்தமாதிரி உட்கார்ந்தார். இருந்தாலும் எழுந்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டிருப்பதுபோல் கஷ்டம் எனக்கு வேறில்லை. வாழ்நாள் பூரா பேசிச் சம்பாதித்தவள். இவரோ நாள் முழுக்கப் பேசுகிறார். நான் பேசாததால் தனக்கு இடம் கிடைத்தது போல வேலையில் சேர்ந்த காலத்துக் கதையெல்லாம் வருகிறது. இன்று கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. நடுவில் தடுமாறினார், என் மேலேயே சாய்ந்தார், இரண்டு பேரும் சுவரில் போய் முட்டினோம். என் தோளில் நல்ல அடி. கத்தாமல் இருந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

பத்மாசனி மேஜைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் எப்படிக் கேட்பது. சும்மா இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேசுங்கோ, பரவாயில்லை" என்றாள். சொல்லும்போதே அவளுடைய இடது கை நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. நான் பேசவில்லை. அவள் தட்டில் இருந்த ஊறுகாயில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று அறைக்கு வெளியே வந்தோம். என் வலது கையை இவர் பிடித்திருந்தார், இடது கையால் சுவர்க் கம்பியை. சிவரஞ்சனி வராந்தாக் கோடியில் நின்று, கையைப் பிசைந்துகொண்டு பார்த்தாள். வரவில்லை, தடுக்கவும் இல்லை.

பத்மாசனி அறைக்கு நேரே வந்தபோது உள்ளே அவள் எழப் பார்த்திருக்கிறாள்.

"உக்காருங்க. அவசரப்படாதீங்க. ஆள் வருது" என்றேன், உள்ளே அவள் இடுப்பிலிருந்து.

இவர் நின்றுவிட்டார். முழங்கால் மடங்க ஆரம்பித்தது. பின்னால் நாற்காலி இல்லை, வெறும் தரைதான். உக்காராதீங்க என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதையும் இந்தக் குரலில்தானே சொல்லவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இவர் கையை இறுக்கினேன்.

உள்ளே மறுபடியும் சொன்னேன்.

இவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்தார். வகுப்பில் யார் பேசினது என்று வாத்தியார் பார்ப்பாரே, அப்படி. உதட்டை அசைக்காமல் நின்றேன். கண்ணீர் வடிந்து உதட்டுக்கு வந்தது. அப்போதும் அசைக்கவில்லை.

"நீ இல்ல" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். முழங்காலை நிமிர்த்திக்கொண்டு அடுத்த காலை எடுத்து வைத்தார்.